ஓடும் இருதயத்தின் சோதனை



மாட்டுங்காவிலும் கரோல்பாகிலும் குடியேறிய நம்மவர்களில் பலர் இப்போது விடியற்காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் புறப்படுகின்றனர். 2004ஆம் ஆண்டில் மும்பையில் மாரத்தான் ஓட்டம் தொடங்கிய பின்னர் ஐம்பது வயதினருக்கும் இவ்வார்வம் பிறந்துள்ளது. மகிழ்ச்சியே. ஆயின், "ஓடுகிறவனுக்கு இருதய நோய் ஏது?" என்று அவர்களுள் சிலர் கேட்கும்போது எனக்கு ஜிம் ஃபிக்ஸ் நினைவுக்கு வருகிறார்.

அமெரிக்கரான அவர், புகைப்பழக்கத்தையும் பருத்த உடலையும் விட்டொழித்து, 35ஆம் வயதில் ஓடத் தொடங்கினார். 1977இல் அவர் எழுதிய நூல் இலட்சக்கணக்கானோரை ஓடச் செய்தது. 1984 ஜூலையில், வெர்மாண்ட் மாநிலத்துச் சாலையொன்றில் ஓடிய அவர், 52ஆம் வயதில் வீழ்ந்து உயிர் துறந்தார். பிரேத பரிசோதனையில் இருதயத் தமனிகளில் கடும் அடைப்பு காணப்பட்டது. அவர் தந்தையும் 43ஆம் வயதில் மாரடைப்பால் மாண்டவர். டல்லாஸ் நகர மருத்துவர் கென்னத் கூப்பர், தாம் அழைத்தும் ஃபிக்ஸ் ஓடுபட்டைச் சோதனைக்கு இணங்கவில்லை என்று பின்னர் கூறினார்.

அஃதென்ன சோதனை? குறுகிய தமனியும் ஓய்வு நேரத்தில் இருதயத்துக்குப் போதிய இரத்தத்தைத் தந்துவிடும். எனவே படுத்த நிலையில் எடுக்கும் இ.சி.ஜி. குற்றமின்றித் தோன்றலாம். உழைப்பு மிகும்போது இருதயத் தசை பன்மடங்கு இரத்தத்தை வேண்டுகிறது. அப்பொழுதே குறை வெளிப்படும். சியாட்டில் நகரத்து ராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறை இன்றும் பெருவழக்கிலுள்ளது. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், நூறடிக்குப் பத்தடி ஏற்றம்; அடுத்த மூன்று நிமிடம் நான்கு கிலோமீட்டர், பன்னிரண்டடி ஏற்றம்; இவ்வாறு மும்மூன்று நிமிடத்துக்கு ஒரு படியாகக் கடுமை ஏறும். இ.சி.ஜி. கோட்டின் குறித்த பகுதி ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தாழ்ந்து நின்றால் மருத்துவர் ஐயுறுவார். இரத்த அழுத்தம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கினால் சோதனையை நிறுத்திவிடுவார்.

விளையாட்டு வீரரிடம் இச்சோதனை எளிதன்று. நெடும் பயிற்சியால் அவர் இருதயம் பருத்து, நாடி மெதுவாக அடிக்கும், அவர் இ.சி.ஜி. இயல்பாகவே நோயாளியினுடையதைப் போல மயக்கலாம். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காட்டை நாடி எட்டியதும் நிறுத்துவது பலவிடத்து வழக்கம். ஓடிப் பழகியவருக்கு அது காலைநடை போன்றது! அவரை முற்றும் களைக்கும்வரை ஓடச் செய்தல் வேண்டும்.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. தமனியைச் சிறிதே அடைத்திருக்கும் கொழுப்புப் படிவும் திடீரென வெடித்து மாரடைப்பை விளைக்கலாம். அதை இச்சோதனை முன்னறிவிப்பதில்லை. 35 வயதுக்குட்பட்ட வீரரின் திடீர் மரணத்துக்குப் பெரும்பாலும் தமனியடைப்பு காரணமன்று. பிறவிக் குறையோ தசைநோயோ காரணமாகலாம். அவர்களுக்கு எக்கோ முதலிய பிற சோதனைகளும் வேண்டியிருக்கும். நோய்க்குறியற்ற இளைஞர் அனைவரையும் ஓடுபட்டையில் ஏற்றினால், பொய்யான ஐயங்களே பெருகும். நடுவயதுக்கு மேல் கடும் பயிற்சியை மேற்கொள்பவர், அவருள்ளும் நீரிழிவோ புகைப்பழக்கமோ குடும்பத்தில் இருதய நோயோ உள்ளவர், மருத்துவரைக் கலந்து இதனைச் செய்துகொள்வது தக்கது.

செல்லும்போது ஓடும் காலணியையே அணிந்து செல்லுங்கள். வழக்கமாக உண்ணும் மருந்துகளைச் சொல்லுங்கள். சில மருந்துகள் நாடியை ஏறவிடா. பட்டையின்மேல் மார்பு இறுகினாலோ தலை சுற்றினாலோ, கௌரவம் பாராது அக்கணமே வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.