புண்ணைக் கண்டு சினவாதீர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் பலரும் பேசத் தயங்கும் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நம் பிள்ளைகளில் சிலர், உள்ளத்துயர் தாங்காத வேளையில், தம் உடலைத் தாமே காயப்படுத்திக்கொள்கின்றனர். அதைக் கண்ட பெற்றோர், "நாடகமாடுகிறாயா?" என்று சினக்கின்றனர், அன்றேல், நாலு பேர் அறிந்தால் என்னாகும் என்று மூடி மறைக்கின்றனர். இரண்டுமே தீங்கு.

அது நாடகமன்று. சொல்லில் அடங்காத துயரைத் தணிக்க அவர்கள் பற்றிய தவறான வழி. கணநேரம் ஆறுதல் தோன்றும். பின்னர் நாணமும் குற்றவுணர்வும் மிகும். அவற்றைத் தணிக்க மீண்டும் அதே செயல். இவ்வாறு செய்வோர் எல்லாரும் சாவை நாடுவோர் அல்லர். ஆயினும், பின்னர் உயிருக்கே ஊறு நேரக்கூடுமாதலின் புறக்கணித்தல் தகாது. சிவப்புக் கைகாட்டியைக் கண்ட இரயில் ஓட்டுநர் கைகாட்டியை வைவதில்லை, வண்டியை நிறுத்துகிறார். நாமும் நிற்போம், புண்ணுக்கு மருந்திடுவோம், பிறகு கேட்போம்.

சென்னையில் 1986ஆம் ஆண்டு டாக்டர் லட்சுமி விஜயகுமார் தோற்றுவித்த 'சிநேகா' நிலையத்தின் தொண்டர்கள், துயருற்றோர்க்குக் குறை கூறாமல் செவிசாய்க்கின்றனர். "என்ன வருத்தம், கண்ணே? சொல், கேட்கிறேன்" என்று நம் வீட்டில் நாம் சொல்லலாகாதா?

இளந்தோழர்களே! அந்த உந்துதல் கடலலை போன்றது, ஏறும், இறங்கும். இறங்கும் வரை குளிர்ந்த நீரால் முகம் கழுவுங்கள்; மூச்சை மெல்ல விடுங்கள்; தனித்திராமல் அம்மாவிடமோ தோழரிடமோ செல்லுங்கள். இளமையில் தம்மைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் இருந்த அமெரிக்க அம்மையார் மார்ஷா லினெகன், பின்னர் உளவியல் பேராசிரியராகி, இத்தகையோர்க்குதவும் சிகிச்சை முறையையே வகுத்தார். 2011இல் தம் கதையை வெளிப்படையாக உரைத்தார். மீளலாம் என்பதற்கு அவரே சான்று.

மருத்துவரை நாடுதல் இழிவன்று. நெய்யாற்றின்கரையில் அரசுப் பொது மருத்துவமனை உண்டு. திருவனந்தபுரம் ஊளம்பாறையில் அரசு மனநல மையம் உண்டு. மலையாளத்தில் மனத்தைத் திறக்க இயலாதே என்று கலங்க வேண்டா. 2022 முதல் நடைபெறும் நடுவண் அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416, கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். வழக்கு வருமோ என்றஞ்சி மருத்துவத்தைத் தள்ளிப்போடவும் வேண்டா. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தோடு 2024 ஜூலை 1இல் நீங்கிற்று.

பிழைப்பை நாடி வந்து குடியேறிய நமக்கு அடுத்த வீடே சுற்றம். ஆகவே, ஒரு வீட்டுப் பிள்ளையின் துயரைப் புறம் பேசாமல், காலனி முழுதும் துணை நிற்போமாக.