பாதை யாருக்குச் சொந்தம்?

(ஐயம்பேட்டையில் நடந்த கைத்தறி நெசவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, கோரா விலை, ஜரிகை விலை, பட்டு என்று சொல்லி விற்கப்படும் விசைத்தறிப் போலிகள் - இவற்றைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் இன்டர்நெட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சில தோழர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இது எதற்கு? படித்தவர்கள் விவகாரமல்லவா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

காஞ்சிபுரம் பட்டு உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதை நெய்தவன் அதை உடுத்துகிறவளின் முகத்தைப் பார்த்ததில்லை. தறிக்கும் வாங்குகிறவளுக்கும் நடுவில் மாஸ்டர் வீவர் இருந்தார், தரகர் இருந்தார், கடைக்காரர் இருந்தார். அந்தச் சங்கிலியை அறுக்கத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் பிறந்தன. கோ-ஆப்டெக்ஸ் 1935ம் ஆண்டு பிறந்தது. இன்றோ தறியிலிருந்து அறுத்த புடவையைத் திண்ணையில் விரித்துப் போட்டோ எடுத்து, மதுரைக்கும் மலேசியாவுக்கும் செல்போனில் அனுப்பி விற்க முடிகிறது. எல்லோருக்கும் முடிகிறது என்று சொல்லவில்லை. ஆனால் வழி திறந்திருக்கிறது. அந்த வழியில் புதிய மாஸ்டர் வீவர் ஒருவன் வந்து உட்காருவானா, மாட்டானா என்பதுதான் இன்று நாம் பேசும் பிரச்னை. இதைவிட நெருக்கமான நெசவாளர் பிரச்னை வேறென்ன இருக்கிறது?

இணையச் சமநிலை என்றால் என்ன?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை ஒரு முதலாளிக்குச் சொந்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் சுங்கம் வாங்குகிறான், சரி, வாங்கட்டும். ஆனால் அதே முதலாளி சாலையோரத்தில் ஒரு புடவைக் கடையும் திறக்கிறான். "என் கடைக்கு வருகிற வண்டிக்குச் சுங்கமில்லை. சங்கத்துக்குப் போகிற வண்டிக்குச் சுங்கம் உண்டு, அதுவும் மெதுவாகத்தான் போகவேண்டும்" என்கிறான். நாம் சும்மா இருப்போமா? "சாலைக்குக் காசு வாங்கு, நான் எந்தக் கடைக்குப் போகவேண்டும் என்று சொல்ல நீ யார்?" என்று கேட்க மாட்டோமா?

இணையச் சமநிலை என்பது இவ்வளவுதான். இணைப்புத் தருகிற கம்பெனி எல்லாத் தளங்களையும் சமமாக நடத்தவேண்டும். ஒன்றுக்கு வேகம், மற்றொன்றுக்குத் தாமதம், ஒன்றுக்கு இலவசம், மற்றொன்றுக்குக் கட்டணம் என்று பாகுபாடு காட்டக்கூடாது.

நம் மண்ணில் நடந்த போராட்டம்

இது கற்பனை அபாயமல்ல. 2014 டிசம்பரில் ஏர்டெல் கம்பெனி, இணையம் வழியே பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைத்தது. 2015 ஏப்ரலில் "ஏர்டெல் ஜீரோ" வந்தது. பணம் கட்டும் வியாபார நிறுவனங்களின் தளங்கள் ஜனங்களுக்கு இலவசம் என்றார்கள். பணம் கட்ட முடியாத சிறு வியாபாரி, கூட்டுறவுச் சங்கம், கைவினைஞன் கதி என்ன? அது பற்றிப் பேச்சில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மார்ச் இறுதியில் ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் மின்னஞ்சலில் குவிந்தன. ஏர்டெல் ஜீரோவில் சேர இருந்த ஃபிளிப்கார்ட் கம்பெனியே ஏப்ரல் 14ம் தேதி விலகிக்கொண்டது.

அடுத்து வந்தது அமெரிக்க ஃபேஸ்புக். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனியுடன் கைகோத்து "இன்டர்நெட்.ஆர்க்" என்ற திட்டத்தைத் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் புகுத்தியது. பிறகு அதற்கு "ஃப்ரீ பேசிக்ஸ்" என்று பெயர் மாற்றியது. பெயரில் இன்டர்நெட் இருந்தது; கொடுத்ததோ பொறுக்கி எடுத்த சில தளங்கள் மட்டும். எதிர்ப்பு வலுத்ததும் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தார்கள். டிராய்க்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைக்கூட அவர்களே எழுதிவைத்து, ஜனங்களை ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இந்தக் காரியத்தை டிராயே கண்டித்தது.

முடிவு என்ன? 2016 பிப்ரவரி 8ம் தேதி டிராய் விதி வெளியிட்டது. தளத்துக்குத் தளம் வெவ்வேறு கட்டணம் வாங்கக்கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். சில நாட்களில் ஃபேஸ்புக் தன் கடையைக் கட்டியது. 2018ம் ஆண்டு, தளங்களைத் தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் கூடாது என்ற கொள்கையையும் மத்திய சர்க்கார் ஏற்றது. உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றை நம் நாட்டு ஜனங்களின் குரல் திருப்பி அனுப்பியது. இடதுசாரிகளும், கணினித் துறை ஊழியர்களும், பேராசிரியர்களும், மாணவர்களும் சேர்ந்து எழுப்பிய குரல் அது.

"ஏழைக்கு இலவசம் கிடைத்ததைக் கெடுத்தீர்களே!"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. "ஒன்றுமில்லாதவனுக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே" என்கிறார்கள். இதற்குப் பதிலை ஐயம்பேட்டை நெசவாளி புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாஸ்டர் வீவர் முன்பணம் கொடுக்கிறார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. கல்யாணச் செலவுக்கு உதவுகிறது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவுகிறது. ஆனால் அந்தப் பணம் கைக்கு வந்த நாள் முதல் தறி யாருடையது? வேறு இடத்தில் கூலி அதிகம் என்றாலும் போக முடியுமா? சங்கத்தில் சேர முடியுமா? கூலியைக் குறைத்தால் வாய் திறக்க முடியுமா? இலவசம் என்று வந்தது முன்பணம்; போனது சுதந்திரம். ஃப்ரீ பேசிக்ஸ் இணைய உலகத்து முன்பணம். அதைவிட்டால் வேறு கதியில்லை என்ற நிலையில் நிற்பவனைப் பார்த்துத்தான் அதை நீட்டுகிறார்கள்.

ஏழைக்கு இலவசமாகக் கொடுக்க மனமிருந்தால் மாதம் இவ்வளவு அளவு என்று முழு இணையத்தையும் கொடுக்கட்டும். 2016ம் ஆண்டு விதி அதைத் தடுக்கவில்லை. எந்தத் தளத்துக்குப் போவது என்பதைக் கொடுப்பவன் தீர்மானிக்கக்கூடாது என்பதே விதி.

வாசல் வழியே போனவன்

அன்று போன ஃபேஸ்புக் கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்தது. 2020 ஏப்ரலில் அம்பானியின் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் கம்பெனியில் 43,574 கோடி ரூபாய் போட்டு நூற்றுக்குப் பத்துப் பங்குக்குச் சற்றுக் குறைவாக வாங்கியது. அதே ஆண்டு கூகுள் 33,737 கோடி ரூபாய் போட்டது. இன்று நிலைமை என்ன? நாட்டின் மிகப் பெரிய செல்போன் பாதை ரிலையன்ஸ் கையில். அந்தப் பாதையில் ஓடும் சினிமாவும் கிரிக்கெட்டும் காட்டும் ஜியோஹாட்ஸ்டார் அதே குடும்பத்தின் கையில். புடவை விற்கும் ஆஜியோ கடையும் அதே குடும்பத்தின் கையில். சாலைக்காரனும் புடவைக் கடைக்காரனும் ஒருவனே என்று சற்று முன் சொன்னது வெறும் உவமை என்று நினைத்தீர்களா?

கம்பியும் சரக்கும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சன் டி.வி.யும், கேபிள் கம்பி வைத்திருந்த சுமங்கலியும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. கடைசியில் சர்க்காரே 2007ல் அரசு கேபிள் நிறுவனத்தைத் தொடங்க வேண்டிவந்தது. 2011ல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று அது மறுபடி ஓடத் தொடங்கியது. பொதுத்துறைக் கம்பி வந்த பிறகே கட்டணத்துக்குக் கடிவாளம் விழுந்தது.

போட்டி காப்பாற்றுமா?

"கம்பெனிகள் போட்டி போட்டால் விலை குறையும், சர்க்கார் எதற்கு?" என்கிறார்கள். போட்டியின் கதையையும் பார்ப்போம்.

1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி என்ன செய்தது? தூத்துக்குடி - கொழும்பு கட்டணத்தை வெட்டியது. ஒரு கட்டத்தில் இலவசப் பயணம் என்றது, குடையும் கொடுத்தது. ஆழமான பையுள்ளவன் நஷ்டத்தைத் தாங்கினான். 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. குடையை யாரும் அதற்குப் பிறகு இலவசமாகக் கொடுக்கவில்லை.

2016 செப்டம்பர் 5ம் தேதி ஜியோ வந்தது. 2017 மார்ச் இறுதிவரை எல்லாம் இலவசம். டேட்டா விலை சரிந்தது உண்மை. ஜனங்களுக்கு அதனால் பயன் கிடைத்ததும் உண்மை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அது முறையற்ற விலைக்குறைப்பு என்று வந்த புகாரைப் போட்டி ஆணையம் 2017ல் தள்ளிவிட்டது. ஆனால் விளைவு என்ன? டெலிநார் போனது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மூழ்கியது. டாடாவின் செல்போன் சேவை ஏர்டெல்லில் கரைந்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவாலாகி, தமிழ்நாடெங்கும் ஜனங்கள் செத்துப்போன போனைக் கையில் பிடித்துக்கொண்டு நம்பரை மாற்றக் கடைகடையாக அலைந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகியும் கடனில் தத்தளித்தன. பாக்கிக்குப் பதிலாகப் பங்கு வாங்கி 2025ல் மத்திய சர்க்கார் அதில் நூற்றுக்கு 49 பங்குக்குச் சொந்தக்காரனாயிற்று. ஆனாலும் நிர்வாகத்தைத் தனியாரிடமே விட்டுவைத்தது!

களம் காலியானதும் விலை ஏறியது. 2019 டிசம்பர், 2021 இறுதி, 2024 ஜூலை என மூன்று முறை. 2024ல் ஜூன் 27ம் தேதி ஜியோ அறிவித்தது. மறுநாளே ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்தன. இரண்டு மூன்று பேர் மட்டும் மிஞ்சிய சந்தையில் ரகசியமாகக் கூடிப் பேசவேண்டிய அவசியம்கூட இல்லை; ஒருவன் ஏற்றினால் மற்றவனும் ஏற்றுவான்.

ஜியோவின் 28 நாள் சிறு ரீசார்ஜ் 2021 நவம்பர்வரை 129 ரூபாய். பிறகு 155. 2024 ஜூலையில் 189. மூன்றே ஆண்டுக்குள் நூற்றுக்கு 46 உயர்வு. அதே காலத்தில் உங்கள் புடவைக் கூலி நூற்றுக்கு 46 உயர்ந்ததா? கணக்குப் போடுங்கள். 28 நாள் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறையல்ல, பதின்மூன்று முறை. வீட்டில் மூன்று போன் இருந்தால் 7,371 ரூபாய்!

இத்துடன் அவர்கள் ஆசை அடங்கவில்லை. அதிக டேட்டா ஓடும் தளங்கள் எங்களுக்குப் பங்கு தரவேண்டும் என்று 2023ல் கம்பெனிகளின் சங்கம் கோரியது. இன்று பெரிய தளங்களிடம் கேட்பார்கள். பிறகு எல்லை எங்கே? தென் கொரியாவில் இத்தகைய ஏற்பாடு வந்தது. அங்கே செலவு கட்டவில்லை என்று ட்விட்ச் என்ற வீடியோ தளம் 2024 பிப்ரவரியில் நாட்டைவிட்டே வெளியேறியது.

விதி மட்டும் போதாது

விதி நல்லது, காப்பாற்றப்பட வேண்டியது. ஆனால் விதி மட்டும் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 2015ல் சமநிலை விதி போட்டார்கள். 2017 டிசம்பரில், டிரம்ப் காலத்தில், ரத்து செய்தார்கள். 2024 ஏப்ரலில் மீண்டும் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரி 2ம் தேதி கோர்ட்டு அடித்துத் தள்ளியது. நாற்காலி மாறினால் நீதி மாறுகிறது. ஆனால் அதே அமெரிக்காவில் சட்டனூகா என்ற ஊரில் ஊராரின் மின்சார நிறுவனமே 2010 முதல் அதிவேக இணைப்பு கொடுக்கிறது. பாதை ஊருக்குச் சொந்தமானால் பாகுபாடு காட்டி லாபம் தேடும் முதலாளிக்கு அங்கே இடமேது?

நமக்கும் அப்படி ஒரு பாதை இருக்கிறது: பி.எஸ்.என்.எல். அதை என்ன செய்தார்கள்? தனியார் 2012லேயே 4ஜி தொடங்கினார்கள். பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைவரிசை தர 2019ல்தான் முடிவெடுத்தார்கள். 2020 ஜனவரியில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்நாட்டுக் கருவிகளோடு நாடு தழுவிய 4ஜி தொடக்கவிழா நடந்தது 2025 செப்டம்பர் 27ம் தேதி; தனியார் 5ஜி தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஓடுகிறவன் காலைக் கட்டிவிட்டு, "பார், பொதுத்துறை ஓடத் தெரியாதது" என்று கைகொட்டிச் சிரித்தார்கள்.

ஜனங்களின் மனம் எங்கே இருக்கிறது? 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய அந்த ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் இணைப்புகள் பி.எஸ்.என்.எல்.லில் கூடின. சில மாதங்களில் அந்த ஓட்டம் திரும்பிவிட்டது. ஜனங்கள் கதவைத் தட்டினார்கள். உள்ளே வேகமான இணைப்பு தயாராக இல்லை. ஜனங்கள் தயார்; சர்க்கார்தான் தயாரில்லை.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு இணையத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. 2023 ஜூன் 5ம் தேதி கே-ஃபோன் பொதுக் கம்பியைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக முழு இணையம் என்பது இலக்கு. வேலை நினைத்த வேகத்தில் நடக்கவில்லை. ஆனால் பாதை சரியானது. தமிழ்நாட்டிலும் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி இழுக்கும் திட்டம் இருக்கிறது. கம்பி ஊராட்சி ஆபீசோடு நின்றால் யாருக்கு லாபம்? அது தறி வீட்டு வாசலுக்கு வரவேண்டும்.

நம் கோரிக்கைகள்

ஒன்று: இணையச் சமநிலையைப் பாராளுமன்றச் சட்டமாக்க வேண்டும். 2023ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தில் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆணையம் போட்ட விதியை ஆணையமே மாற்றலாம்.

இரண்டு: தளங்களிடம் பாதைக் கப்பம் வசூலிக்கும் யோசனையை அடியோடு நிராகரிக்க வேண்டும்.

மூன்று: பி.எஸ்.என்.எல்.லுக்கு ஆளும் கருவியும் நிதியும் கொடுத்து, தனியாருக்குச் சமமாக நிறுத்த வேண்டும்.

நான்கு: பொதுக் கம்பி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், அங்கிருந்து வீடுகளுக்கும் குறைந்த கட்டணத்தில் வரவேண்டும். சங்கத்துப் புடவை உலகத்துக் கண்ணில் படவேண்டும்.

தோழர்களே! பாவு ஆயிரமாயிரம் இழைகளால் ஆனது. ஓர் இழை மட்டும் தனியே இறுகினாலும் துணி கெட்டுவிடும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா இழையும் ஒரே இழுப்பில் நிற்கவேண்டும் என்பது தறியின் நியாயம். அதே நியாயத்தைத்தான் இணையத்துக்கும் கேட்கிறோம். ஐயம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் வீதிவீதியாகச் சென்று இந்தக் கோரிக்கைகளுக்குக் கையெழுத்துத் திரட்டுவோம். கூலிப் போராட்டத்துக்குத் திரண்ட அதே கைகள் இதற்கும் திரளட்டும். 2016ல் வென்றது கடிதம் எழுதிய ஜனங்கள். அந்த வெற்றியைக் காப்பதும் ஜனங்கள் கையில்தான் இருக்கிறது.