காலத்தே தரும் கூலி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பிழைப்பை நாடி மும்பை மாநகருக்கு வந்த குடும்பங்கள் நாம். தாராவியின் பட்டறைகளில் உழைப்போரும் நம்மவர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்து அலுவலகப் பணி புரிவோரும் நம்மவர். சம்பளம் வாங்குவோரும் கொடுப்போரும் நம்மிடையே உண்டு. இரு சாராருக்கும் உரிய செய்தி ஒன்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பணத்தைக் கையாளத் தெரியாததால்தான் ஒருவன் ஏழையாகிறான் என்பார் பலர். மாதக் கடைசியில் வேலையில் தவறு செய்யும் தொழிலாளியைப் பொறுப்பற்றவன் என்று ஏசுவாரும் பலர். இக்கூற்று மெய்தானா?

தமிழ்நாட்டுக் கரும்பு உழவருக்கு ஆண்டு வருவாயின் பெரும்பகுதி அறுவடைக்குப் பின்னரே கிடைக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய அறிஞர் நால்வர், 464 உழவரின் சிந்தனைத் திறனை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தனர். 2013-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகள் வெளிவந்தன. அதே மனிதரின் திறன், கை வறண்டிருந்தபோது குறைந்தும், பணம் வந்தபின் உயர்ந்தும் காணப்பட்டது. கடனும் கவலையும் மனத்தை அடைத்துக்கொண்டால் மற்றவற்றுக்கு அங்கே இடம் ஏது?

பின்னர், ஒடிசாவில் இலைத்தட்டு செய்யும் தொழிலாளரிடையே சுப்ரீத் கௌர், செந்தில் முல்லைநாதன் முதலியோர் ஆராய்ந்தனர். கூலி விகிதத்தை அவர்கள் உயர்த்தவில்லை. ஈட்டிய கூலியில் ஒரு பகுதியைச் சிலருக்கு முன்னதாகக் கொடுத்தார்கள், அவ்வளவே. பெற்றவர் கடனை அடைத்தனர். வீட்டுக்கு வேண்டியவற்றை வாங்கினர். அதன்பின் அவர்கள் செய்த தட்டுகள் மிகுந்தன; தவறுகள் குறைந்தன. மிக வறியவரிடமே இம்மாறுதல் மிகுதியாகத் தோன்றியது.

ஆகவே, பட்டறை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலியை இழுத்தடிப்பவர் தொழிலாளியின் அடுப்பை மட்டுமன்றி அவன் கவனத்தையும் அணைக்கிறார். பின்பு வேலை கெட்டுவிட்டதென்று அவனையே கடிந்துகொள்வது எந்த நியாயத்தில் சேரும்? குறித்த நாளில் கூலி கொடுப்பதே தொழில் அறத்தின் முதற்படி.

சம்பளம் வாங்கும் நமக்கும் கடமை உண்டு. கை வறண்ட நாளில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் வட்டிக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். எனவே, கையில் பணமும் மனத்தில் தெளிவும் உள்ள நாளிலேயே திட்டமிட வேண்டும். தாலரும் பெனார்ட்சியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில், வருங்காலச் சம்பள உயர்வில் ஒரு பங்கைச் சேமிப்புக்கு விட்டுவிட முன்கூட்டியே இசைந்தோரின் சேமிப்பு, 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது.

அடுத்த சம்பள உயர்வு வருமுன்பே, அதில் சேமிப்புக்கு எவ்வளவு என்று இல்லத்தரசியாரோடு அமர்ந்து முடிவு செய்துகொள்வோம். சம்பள நாளன்றே வாடகை, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் ஆகியவற்றை ஒதுக்கி வைப்போம். ஊரில் நிலம் வாங்குவதையும் பெருங்கடன் பெறுவதையும் மாதக் கடைசியின் அவசரத்தில் தீர்மானியாதிருப்போம்.

கொடுப்பவர் காலத்தே கொடுக்கட்டும். வாங்குபவர் காலத்தே ஒதுக்கட்டும். நம் குடும்பங்கள் தழைக்கும்.