சொல்லிக் கொடுப்பவன் ஏமாளியா?

எதிரணிப் பேராசிரியர் கேட்டார்: "முகம் தெரியாதவனுக்குச் சம்பளமே இல்லாம கணிப்பொறிப் பாடம் சொல்றவன் ஏமாளிதானே?" ஐயா, அந்த ஏமாளி என்ன செய்கிறான் என்று பாருங்கள்!

பைதான் என்று ஒரு கணிப்பொறி மொழி. 1991-இல் நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராஸம் வெளியிட்டார். பாம்பு என்று பயப்படாதீர்கள். 'மான்ட்டி பைதான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சியைப் பார்த்து வைத்த பெயர்! (சிரிப்பு)

புதிதாகப் படிக்கிற ஒரு பிள்ளை, இரண்டு எண்ணை வாங்கிக் கூட்டச் சொல்லி எழுதுகிறது. 2 தட்டியது, 3 தட்டியது. விடை 23! (பலத்த சிரிப்பு) "நமக்கு இது வராது"ன்னு மூடி வைக்கப் போன பிள்ளை, கடைசியாக ஒரு தடவை கணினி வழியே ஊர் உலகத்தைக் கேட்கிறது. எங்கிருந்தோ ஒருவர், "நீ எழுதினதை அப்படியே காட்டு" என்கிறார். பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "தம்பி, நீ தட்டுறதைப் பைதான் எழுத்தாத்தான் வாங்கும். எழுத்தும் எழுத்தும் சேர்ந்தா பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கும். முதல்ல 'இன்ட்' போட்டு எண்ணா மாத்து." மாற்றியது. அஞ்சு வந்துடுச்சு! (கைதட்டல்)

"விடை சொன்னா சோம்பேறி ஆயிடுவான்" என்றார் எதிரணி அம்மையார். அம்மா, 5 என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியும். 23 ஏன் வந்தது என்பதைத்தானே அவர் சொன்னார்! நாளைக்கு அந்தப் பிள்ளை இன்னொருத்தருக்குச் சொல்லும்.

நடுவர் அவர்களே, பணம் கொடுத்தால் கொடுத்தவனிடம் குறையும். காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் சொன்னவனுக்கே இன்னும் தெளியும். அறிவு வளர்வது பகிர்விலேதான் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.