படலையும் கடலும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலையின் வயதோ இருநூறை நெருங்குகிறது. அதிபர்களின் வரிசையையும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளையும் மலரின் மற்றப் பக்கங்கள் சொல்லும். நான் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் படலைக்குள் வர யாருக்கு முடிந்தது, யாருக்கு முடியவில்லை?

நெடுந்தீவில் பிறந்தவள் என்பதால் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. எனக்கும் இந்தப் படலைக்கும் நடுவில் கடல் கிடந்தது.

1814ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் வெஸ்லியன் மெதடிஸ்த மிசனரிமார் காலியில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச், தோமஸ் ஸ்குவான்ஸ் இருவரும் அந்த ஓகஸ்ட் மாதமே யாழ்ப்பாணம் வந்துவிட்டார்கள். அவர்கள் தொடங்கிய பணியிலிருந்துதான் பின்னர் மத்திய கல்லூரியும், 1830களில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் காலத்தில் நமது பள்ளியும் உருவாயின. பேர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்ற இளைஞர்தான் பின்னாளில் ஆறுமுக நாவலர் ஆனவர் என்பது நீங்கள் அறிந்ததே.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளையைப் படிக்க அனுப்ப யாரும் முன்வரவில்லை. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிசன் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியபோது, சாப்பாடும் உடுப்பும் கொடுத்துத்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. மதம் மாற்றத்தானே வந்தார்கள் என்று சிலர் கேட்பார்கள். ஆம், அவர்கள் அதை ஒளிக்கவில்லை. அதற்கு எங்கள் ஊர் சொன்ன பதிலும் பள்ளிக்கூடமாகவே வந்தது என்பதுதான் எனக்குப் பெருமை. நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரியைத் திறந்தார். 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் ஊர் ஊராகப் பள்ளிகளை நடத்தியது. இந்தப் போட்டியில் வென்றது யார் என்று கேட்டால், சிலேட்டைக் கையில் பிடித்த பெண் பிள்ளை என்றுதான் சொல்வேன்.

ஆனால் எல்லாப் பெண் பிள்ளைகளும் அல்ல. 1929, 1930 ஆண்டுகளில், நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் சில பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தார்கள். நூற்றாண்டு விழாவில் இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். சொல்லாமல் விட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

அடுத்தது பணம். ஆங்கிலப் படிப்புக்கும் விடுதிக்கும் கட்டணம் இருந்த காலத்தில் தீவுப் பகுதியிலிருந்து யார் வந்திருக்க முடியும்? தகப்பன் மலாயாவில் உத்தியோகம் பார்த்த வீட்டுப் பிள்ளை, அல்லது கொழும்பில் கடை வைத்திருந்த புங்குடுதீவு, வேலணை வீட்டுப் பிள்ளை. மலாயாக் காசு எங்கள் ஊர்களில் கல்வீடு கட்டியதோடு பெண்களையும் படிப்பித்தது. அங்கே போன குடும்பங்களின் பெண்களும் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ராசம்மா பூபாலன் இளம் வயதிலேயே நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். பிறகு மலாயாவில் ஆசிரியைகளுக்கு ஆண்களுக்கு நிகரான சம்பளம் கேட்டுச் சங்கம் அமைத்துப் போராடினார். கோலாலம்பூர் மெதடிஸ்த பெண்கள் பள்ளியின் அதிபராகவும் இருந்தார்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு மிசன் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசாங்கத்திடம் போயின. நமது பள்ளியும் அப்படியே போய் இன்று தேசிய பாடசாலையாக நிற்கிறது. கட்டணம் என்ற பூட்டு உடைந்தது. பண்ணைத் தாம்போதியும் புங்குடுதீவுத் தாம்போதியும் பாதி வழியைத் தரையாக்கின. மிச்சம் இருந்தது நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகளின் கடல்.

நான் எழுபதுகளின் இறுதியில் இங்கே ஆறாம் வகுப்புக்கு வந்தேன். "பொம்பிளைப் பிள்ளையை ஏன் கடல் தாண்டி விடுவான்?" என்று எங்கள் ஆச்சி ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்தா. ஐயா ஒன்றும் பேசாமல் ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்தார். மாவிலித்துறையில் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்துப் புங்குடுதீவு, வேலணை கடந்து பண்ணைக்கு வருவோம். சோளகம் வீசும் மாதங்களில் உடுப்பெல்லாம் நனைந்திருக்கும். விடுதியில் மற்றப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போவார்கள். தீவுப் பிள்ளைகள் நாங்கள் காற்றைப் பார்த்துத்தான் போவோம். அந்தச் சனி ஞாயிறுகளில் தங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பார்சலை எங்களுக்குக் கொண்டுவந்து தந்த நகரத்துத் தோழிகள் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்கள் அம்மாமாரின் புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் நான் மறக்கவில்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. நாங்கள் நடந்து போய் வந்த நூலகம் அது. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெட்டியோடு நாங்கள் ஏறி வந்த அதே படகு. அதற்குப் பிறகு எத்தனை தாய்மார் தங்கள் பெண் பிள்ளைகளைப் படகேற்றத் துணிந்திருப்பார்கள்? 1990இல் தீவுகள் படையினரிடம் போனபோது சனம் இடம்பெயர்ந்தது. கோட்டையைச் சுற்றிப் போர் நடந்தபோது நகரத்தின் இந்தப் பகுதியும் வெறிச்சோடியது. 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. பாரிஸ், ரொறொன்ரோ, லண்டன் என்று நாம் சிதறிய கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பள்ளி நிற்கிறது. பெறுபேறுகள் வரும்போது பத்திரிகையில் நமது பிள்ளைகளின் படங்கள் வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் நான் பிறகு தீவுப் பள்ளிகளில் படிப்பித்தவள். காலைப் படகில் போகும் ஆசிரியை பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டும். கடல் குழம்பினால் அன்று பாடமே இல்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் வருவார், இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அங்கே இருந்தால், அதற்கு நகரத்தில் தங்க உறவினர் இருக்கிறார்களா என்பதுதான் அதன் படிப்பைத் தீர்மானிக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன் என் ஐயா பட்ட பாட்டைத்தான் இன்றும் ஒரு தகப்பன் படுகிறார்.

சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று பல யோசனைகள் வந்திருப்பதாக அறிகிறேன். நானும் ஒன்று வைக்கிறேன். தீவுப் பகுதிப் பிள்ளைகளுக்கென்று விடுதிச் செலவை நாம் ஏற்போம். கட்டடம் தேவையில்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, மூன்று நேரச் சாப்பாடு, படகுக் காசு. ஒவ்வொரு நாட்டுக் கிளையும் ஒரு பிள்ளையை ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை தாங்கினால் போதும். எட்டு வருடம் தொடர்ந்து தாங்க வேண்டும். ஒரு வருடம் கொடுத்துவிட்டு மறந்துபோகிற உதவி, பிள்ளையை நடுக்கடலில் இறக்கிவிட்ட மாதிரி.

இன்னொன்று. எண்பது, தொண்ணூறு வயதான நமது அக்காமார் எந்தெந்த ஊர்களிலோ இருக்கிறார்கள். மிசன் காலத்து விடுதி, மணியோசை, ஜெபக்கூடம், சைவப் பிள்ளைகள் திருநீறு பூசிக்கொண்டு வகுப்புக்கு வந்த விதம், இதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. மிசனரிமார் எழுதிய அறிக்கைகள் எங்கேயோ பத்திரமாக இருக்கும். பிள்ளைகள் பக்கத்துக் கதையை நாம்தான் கேட்டு எழுத வேண்டும். அடுத்த முறை அவர்களோடு தொலைபேசியில் பேசும்போது சுகம் விசாரித்துவிட்டு, "அக்கா, நீங்கள் வேம்படிக்கு எப்படி வந்தனீங்கள்?" என்று கேளுங்கள். சொல்வதைக் குறித்து வையுங்கள்.

எங்கள் ஆச்சி, நான் பட்டம் பெற்று வந்த நாளில் அந்தத் தகரப் பெட்டியைத் துடைத்து எடுத்துத் தந்தா. "வீசிப்போடாதை, இன்னொரு பிள்ளைக்கு உதவும்" என்றா. பெட்டி போரில் போய்விட்டது. ஆச்சி சொன்னதை மட்டும் கொண்டுவந்து இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன்.