கூலி அல்ல, கொடை

(புனித தேவசகாயம் திருநாளில் வானொலியில் வழங்கிய மறையுரை)



இன்று ஜனவரி 14. நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்தின் திருநாள். பொங்கல் நேரம் என்பதால் நமது திருப்பூர் அமைதியாக இருக்கிறது. பனியன் கம்பெனிகள் பூட்டியிருக்கின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் என்று பலரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஆனால் எல்லாரும் போகவில்லை. கடன்பட்டு, ஊரில் முகம் காட்ட முடியாமல் வாடகை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்களும் நம்மிடையே உண்டு.

சென்ற ஆண்டு பொங்கலின்போது அப்படி ஒரு சகோதரரை வீடு சந்திப்பில் நாங்கள் பார்த்தோம். ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதை யாரும் வெளியே சொல்லக் கூடாது. இது திண்ணையில் உட்கார்ந்து பேசியது. அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் பகிர்ந்துகொள்கிறோம்.

அவர் நான்கு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்தவர். ஒரு முறை தைத்துக் கொடுத்த சரக்கு செக்கிங்கில் நிற்கவில்லை. மொத்தமும் ரிஜெக்ட். பணம் வரவில்லை, வட்டி ஏறியது, மெஷின்களை விற்றார். இப்போது வேறொருவர் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். ஆறு மாதமாகக் கோவிலுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டோம். "சரக்கு மட்டும் இல்ல சாமி, கடவுள் என்னையே ரிஜெக்ட் பண்ணிட்டார்" என்றார். சற்று நேரம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார். கடைசி மூன்று வாரச் சம்பளத்தைத் தையல்காரர்களுக்கும் கைமடிப் பிள்ளைகளுக்கும் கொடுக்காமல், போனை அணைத்துவிட்டு வீட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாராம்.

அன்பார்ந்தவர்களே, அந்தச் சகோதரரின் மனத்தில் இரண்டு முடிச்சுகள் ஒன்றாகச் சிக்கிக் கிடந்தன. ஒன்று நட்டம். மற்றொன்று குற்றம். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் நட்டம். தொழில் நொடித்ததா, பிள்ளைக்கு நோயா, உடனே "கடவுள் தண்டிக்கிறார்" என்கிறோம். நாம் சொல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார்கள். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய தேவசகாயமும் இந்த வேதனையை அறிந்தவர். ஆடு மாடுகளும் பொருளும் அடுத்தடுத்து அழிந்துபோக, அவர் மனம் ஒடிந்தார். அப்போது டச்சுப் படையில் இருந்து வந்த டிலனாய் அவருடைய நண்பராயிருந்தார். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர் படையிலேயே அதிகாரியானவர் அவர். டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். யோபு எல்லாவற்றையும் இழந்தபோது, நீ பாவம் செய்ததால்தான் இப்படி என்று நண்பர்கள் வாதாடினார்கள். இறுதியில் கடவுள் கண்டித்தது அந்த நண்பர்களை! நட்டம் என்பது கடவுளின் தீர்ப்பு ஆகாது. இந்த உண்மை நீலகண்டனை நிமிர்த்தியது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

இனி இரண்டாவது முடிச்சு, குற்றம். உழைத்தவர் கூலியைப் பிடித்து வைப்பது பாவம். அதை நாம் மழுப்ப வேண்டியதில்லை. அப்படியானால் இந்தச் சகோதரருக்கு நம்பிக்கை உண்டா?

திருத்தூதர் பவுல் நம்மைப் போலத் தொழிலாளி. கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தவர். கூலியின் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். வேலை செய்தவருக்குக் கொடுப்பது கடமை, அதைக் கொடை என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகம் 4ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். ஆனால் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது கூலிக் கணக்கில் அல்ல. அது நம்பிக்கையால் நாம் பெறும் கொடை. அதனால்தான் 8ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், கிறிஸ்துவின் உறவில் வாழ்பவர்களுக்கு எதிராகத் தண்டனைத் தீர்ப்பு எதுவும் நிற்காது என்று அவரால் துணிந்து கூற முடிகிறது.

நாமோ கடவுளிடமும் பீஸ் ரேட் பேசுகிறோம். இத்தனை செபமாலை, இத்தனை மெழுகுதிரி, ஒரு வேளாங்கண்ணி நடைபயணம். கணக்கு நேரானால் மன்னிப்பு என்று நினைக்கிறோம். நம் திருச்சபையின் போதனை அதுவல்ல. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நமது தகுதியை முன்னிட்டு அல்ல, அருளாலேயே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். அந்த அருளே நம்மை நற்செயல்களுக்கு அழைக்கிறது என்று இரு சபைகளும் சேர்ந்து அறிக்கையிட்டன.

எரிகோவின் சக்கேயுவைப் பாருங்கள். ஏமாற்றியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொன்னாரா? இல்லை. முதலில் அவன் வீட்டுக்குப் போனார். அதன் பிறகுதான் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சக்கேயு எழுந்து நின்றான். தண்டனைக்கு அஞ்சி ஓடுகிறவனால் கடனை அடைக்க முடியாது. ஏற்றுக்கொள்ளப்பட்டவனால் முடியும்.

அந்தச் சகோதரர் தவக்காலத்தில் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கினார். பிறகு பழைய தொழிலாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனார். சிலர் திட்டினார்கள். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. இருந்தாலும் சனிக்கிழமைச் சம்பளத்தில் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறார். இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது அவர் போனை அணைப்பதில்லை.

தேவசகாயத்தை அன்றைய அரசு துரோகி என்றது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தியது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது. அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஊரின் தீர்ப்பும், நம் மனச்சோர்வு நமக்கு எழுதும் தீர்ப்பும் கடைசித் தீர்ப்பு அல்ல.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது கடன் சுமையால் உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றே ஒருவரிடம் பேசுங்கள். அரசின் 104 எண்ணில் பேசலாம். பங்குத்தந்தை வீட்டுக் கதவையும் எந்த நேரத்திலும் தட்டலாம். கடன் கொடுத்தவர்களே, உறவினர்களே, நொடித்துப்போனவரை வார்த்தையால் கொல்லாதீர்கள். மன்னிப்பை இலவசமாகப் பெற்றவர்கள் நாம்.

இறைவா, குற்ற உணர்வால் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களை உமது அருளால் வெளியே அழைத்து வாரும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் துணிவை எங்களுக்குத் தாரும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.