கிணத்து மோட்டார் இல்லீங்க

மதுக்கரையிலிருந்து ஒரு தம்பி போட்டோ அனுப்பியிருந்தார். "அப்பிச்சியோட கிணத்து மோட்டாருங்களா இது? நாளைக்குப் பழைய இரும்புக்குப் போடறாங்க."

1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செஞ்ச ஊர், அப்படித்தான் தோணும். ஆனா படத்துல நீளக் குழாய், அடியில அஞ்சு இலை விசிறி, மேலே மூடியில்லாத ஃப்ளைவீல், கயிறு சுத்த ஒரு வெட்டு. படகு மோட்டார்! பிரிட்டிஷ் சீகல். இங்கிலாந்தில் 1930-களில் தொடங்கி 1996 வரை செஞ்சாங்க. வேகத்துக்கு இல்ல, கனமான படகை மெதுவாத் தள்ள. அதான் விசிறி பெருசு.

எந்த வருஷத்து மாடல்னு சொல்ல கிராங்க்கேஸ்ல குத்தின எண் வேணும். எமரி பேப்பர் போட்டுடாதீங்க, மண்ணெண்ணெய்த் துணியால துடைங்கன்னேன். ராத்திரியே அடுத்த போட்டோ. எண் தெரியுது, முன்னாடி எழுத்தும். கடலே இல்லாத ஊருக்கு இது எப்படி வந்துச்சுன்னு அம்மிச்சிகிட்ட கேக்கச் சொல்லியிருக்கேன். வண்டிக்காரர் இப்போதைக்கு ஓட்டை அண்டாவை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கார்.